பட்டியலில் இல்லாத இயங்குதளம்: துவக்கத் திரையின் நாற்பதாண்டு வரலாறு

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் நிறுவப்பட்டிருக்கையில், ஒரு நாள் துவக்கப் பட்டியலில் அவற்றுள் ஒன்றன் பெயர் காணாமல் போவது ஆய்வகங்களிலும் விடுதி அறைகளிலும் அடிக்கடி நேர்வது. இயங்குதளமே அழிந்துவிட்டது என்று கருதி, வன்தட்டை முழுமையாக வடிவமைத்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவோர் உண்டு. களப்பணிப் பதிவுகளும் ஆய்வேட்டின் இயல்களும் அவ்வாறு அழிகின்றன. பெரும்பாலான வேளைகளில் முதலில் மறைந்தது இயங்குதளம் அன்று. அதைப் பற்றிய குறிப்பு மட்டுமே. ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் ஒரு கட்டு விடுபட்டிருந்தால், அக்கட்டே இல்லை என்று எந்த வரலாற்று மாணவரும் முடிவு செய்வதில்லை. அட்டவணையை எழுதியவர் யார், எதை விடுத்தார், ஏன் விடுத்தார் என்றே கேட்பார். துவக்கப் பட்டியலிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியபோது, அதற்கென மூன்று இயங்குதளங்களை அறிவித்தது: பிசி டாஸ், சிபி/எம்-86, யூசிஎஸ்டி பி-சிஸ்டம். ஆயினும் அக்கணினிக்குத் துவக்கப் பட்டியல் தேவைப்படவில்லை. எந்த நெகிழ்வட்டைச் செருகுகிறாரோ அந்த இயங்குதளம் இயங்கும். தேர்வு பயனரின் கையில் இருந்தது. 1983இல் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்ததும் நிலைமை மாறியது. ஒரே தட்டைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் முறை பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. அதற்காக வன்தட்டின் முதல் 512 பைட் முதன்மைத் துவக்கப் பதிவாக ஒதுக்கப்பட்டது. துவக்க நிரலுக்கு 446 பைட், நான்கு பகுதிகளின் விவரத்துக்கு 64 பைட், அடையாளக் குறிக்கு 2 பைட் என்பது பின்னர் நிலைபெற்ற அதன் பங்கீடு.

பின்வந்த முப்பதாண்டுச் சிக்கல்களுக்கு இந்தப் பங்கீடே வேர். தட்டில் நான்கு பகுதிகளுக்கு இடமுண்டு. ஆனால் துவக்க நிரலுக்கு ஓரிடம் மட்டுமே. இறுதியாக எழுதுபவரே அவ்விடத்தின் உரிமையாளர். விண்டோஸின் நிறுவல் நிரல் தன் வழக்கமான நிரலை அங்கே எழுதிவிடும். முன்பிருந்ததைப் பற்றிக் கேட்காது. லினக்ஸ் இருந்த கணினியில் விண்டோஸ் 98ஐயோ எக்ஸ்பியையோ பின்னர் நிறுவினால் லினக்ஸ் மறைந்ததன் காரணம் இதுவே. கோப்புகள் அனைத்தும் தட்டில் அப்படியே இருக்கும். அவற்றுக்குச் செல்லும் வாயில் மட்டும் மாற்றி எழுதப்பட்டிருக்கும்.

லினக்ஸ் தரப்பில் இதற்கு முதலில் விடையாக வந்தது வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ என்னும் துவக்க ஏற்றி. அது கர்னல் தட்டின் எந்தக் கட்டங்களில் உள்ளது என்பதை எண்களாகக் குறித்து வைத்துக்கொள்ளும். கர்னலைப் புதுப்பித்த பின் லைலோவை மீண்டும் இயக்க மறந்தால், எண்கள் பழைய இடத்தையே சுட்டும். ஒவ்வொரு படியும் முடிந்ததும் அது தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் இடும். பெயர் எந்த எழுத்தோடு நின்றதோ அதைக் கொண்டு பிழையின் இடத்தை அறியலாம். 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப், கோப்பு முறைமையைத் தானே படிக்கும் ஆற்றலைக் கொண்டுவந்தது. முதலில் குனு ஹர்டைத் துவக்குவதற்காக எழுதப்பட்ட அது, 1999இல் குனு திட்டத்தின் அதிகாரபூர்வ மென்பொருளானது.

இந்தியாவில் இரட்டைத் துவக்கம் பரவியதும் இக்காலத்தில்தான். பிசி க்வெஸ்ட் இதழ் 1990களின் பிற்பாதியில் வழங்கிய குறுந்தகடுகள் வழியாகவே பலருக்கு லினக்ஸ் அறிமுகமாயிற்று. புதிய கணினி வாங்க இயலாதவர்கள், ஏற்கெனவே விண்டோஸ் இருந்த கணினியின் ஓர் ஓரத்தை அதற்கு ஒதுக்கினர். குடியிருந்தவரின் வீட்டில் புதியவர் அறை கேட்ட நிலை அது. ஆதலால் லினக்ஸின் நிறுவல் நிரல்கள் விண்டோஸைத் தேடிக் கண்டறிந்து தம் பட்டியலில் சேர்க்கும் வழக்கத்தைக் கைக்கொண்டன. விண்டோஸின் பட்டியலோ தன் குடும்பத்துப் பதிப்புகளை மட்டுமே தானாகச் சேர்த்தது.

ஒரு பெயர் பட்டியலில் இல்லாமைக்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமன்று என்பதற்கு பிஓஎஸ்ஸின் கதை சான்று. ஆப்பிளின் முன்னாள் நிர்வாகி ழான்-லூயி கஸே நிறுவிய பி நிறுவனம், தன் இயங்குதளத்தை விண்டோஸுடன் சேர்த்து விற்கக் கணினித் தயாரிப்பாளர்களை நாடியது. 1990களின் இறுதியில் ஜப்பானின் ஹிட்டாச்சி, பிஓஎஸ் நிறுவப்பட்ட கணினிகளை விற்றது. ஆனால் இயக்கியவுடன் விண்டோஸ் நேரே தொடங்கும். தேர்வுக்கான பட்டியல் தோன்றாது. தனியே சில படிகளைச் செய்தால்தான் பிஓஎஸ் வெளிப்படும். மைக்ரோசாஃப்டின் உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் என்று கஸே குற்றஞ்சாட்டினார். விண்டோஸின் துவக்க வரிசையை மாற்றத் தயாரிப்பாளர்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளை, மைக்ரோசாஃப்டுக்கு எதிரான அமெரிக்க அரசின் வழக்கில் 1999 நவம்பரில் வெளியான உண்மைக் கண்டறிதல்களும் பதிவு செய்கின்றன. பி நிறுவனம் 2002இல் தொடுத்த வழக்கு, 2003இல் 2.325 கோடி டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் பிஓஎஸ் சந்தையிலிருந்தே மறைந்திருந்தது. தட்டில் இருந்தும் திரையில் இல்லாத இயங்குதளம் வாங்கியவருக்கு இல்லாததற்குச் சமம்.

2005இல் அமைந்த யூஇஎஃப்ஐ மன்றம் வகுத்த தரம், 446 பைட்டுக்கான போட்டியை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வோர் இயங்குதளமும் தன் துவக்கக் கோப்பைப் பொதுவான ஒரு சிறு பகுதியில், தனி அடைவில் வைக்கலாம். பெயர்களும் அவற்றின் வரிசையும் தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதிவாகும். ஒருவர் மற்றவரை அழிக்க வேண்டியதில்லை. எனினும் வரிசையில் முதலிடம் ஒன்றே. விண்டோஸின் புதுப்பிப்பு சில வேளைகளில் தன்னை முன்னிறுத்தும். தாய்ப்பலகையின் மென்பொருளைப் புதுப்பிக்கையில் பதிவுகள் நீங்குவதும் உண்டு. 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான துவக்கம், கையொப்பமிடப்பட்ட நிரலை மட்டுமே அனுமதித்தது. பெரும்பாலான கணினிகள் ஏற்கும் சாவி மைக்ரோசாஃப்டுடையது. ஆகவே மேத்யூ கேரட் உருவாக்கிய ஷிம் என்னும் இடைநிரல் அந்நிறுவனத்தின் கையொப்பத்தைப் பெற்றே லினக்ஸுக்கு வழிதிறந்தது.

அடுத்த மாற்றத்தில் மறைவின் திசையே திரும்பியது. 2020இல் கிரப்பில் பூட்ஹோல் என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபின் அதன் நிரல் கடுமையாக ஆராயப்பட்டது. பிற இயங்குதளங்களைக் கண்டறியும் ஓஎஸ்-ப்ரோபர், தட்டின் எல்லாப் பகுதிகளையும் திறந்து பார்ப்பது. அதுவும் ஆபத்துக்கு இடமளிக்கக் கூடும் என்று கருதி, 2021 ஜூனில் வந்த கிரப் 2.06 அதை இயல்பாகவே முடக்கியது. மேம்படுத்திய பலரின் பட்டியலில் அதனால் விண்டோஸ் காணாமல் போயிற்று. முன்பு லினக்ஸை மறைத்தது விண்டோஸ்; இப்போது விண்டோஸைப் பட்டியலிடாமல் விட்டது லினக்ஸின் ஏற்றி. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, இரட்டைத் துவக்கக் கணினிகளைத் தொடாது என்று அறிவிக்கப்பட்டிருந்தும், அவற்றுட் சிலவற்றை அடையாளம் காணத் தவறியது. அங்கே பழைய ஷிம் நிராகரிக்கப்பட்டு, லினக்ஸ் துவங்க மறுத்தது.

இவ்வரலாற்றை அறிந்தவருக்குப் பழுதை ஆராயும் முறை தானே புலப்படும். முதலில் கேட்க வேண்டியது, பொருள் இருக்கிறதா என்பது. இயங்கும் தளத்திலிருந்தோ யூஎஸ்பி வழி இயங்கும் லினக்ஸிலிருந்தோ வன்தட்டின் பகுதிகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். இருந்தால், வேறெதையும் செய்யுமுன் ஆய்வுக் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். அடுத்தது, எந்தப் பட்டியல் அதை விடுத்தது என்பது. கணினியை இயக்கியதும் எஃப்12, எஃப்9 போன்ற விசையால் தாய்ப்பலகையின் பட்டியலைத் திறக்கலாம். அங்கே விண்டோஸ் பூட் மேனேஜர் இருந்து, கிரப்பில் மட்டும் இல்லையெனில், கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஓஎஸ்-ப்ரோபரை இயக்கி, பட்டியலை மீண்டும் உருவாக்கினால் போதும். லினக்ஸின் பெயர் அங்கேயே இல்லையெனில், யூஎஸ்பியிலிருந்து கிரப்பை மீள நிறுவிப் பதிவைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, இரண்டும் ஒரே முறையில் நிறுவப்பட்டனவா என்பது. ஒன்று பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்று யூஇஎஃப்ஐ முறையிலும் நிறுவப்பட்டிருந்தால், ஒன்றன் பட்டியலில் மற்றது இடம்பெறாது. பாதுகாப்பான துவக்கத்தை நிறுத்திப் பார்க்க எண்ணுவோர், பிட்லாக்கர் மீட்புச் சாவியை முன்னரே எடுத்து வைப்பது இன்றியமையாதது. இல்லையேல் மறைந்திருந்தது உண்மையிலேயே இழப்பாகிவிடும்.

முதல் 446 பைட், உரிம ஒப்பந்தத்தின் வாசகம், தாய்ப்பலகையின் நினைவகம், கையொப்பச் சாவி, அமைப்புக் கோப்பின் ஒரு வரி எனப் பட்டியலை எழுதும் அதிகாரம் நாற்பதாண்டுகளில் இடம் மாறி வந்துள்ளது. இன்று பழுதான ஒரு கணினியில் இவற்றுள் எந்த அடுக்கும் வெளிப்படலாம். எந்த அடுக்கு என்று தெரியும்வரை தட்டை வடிவமைக்கும் கட்டளையை இடாதிருப்பதே முறை. அட்டவணையின் பிழைக்காகக் காப்பகத்தைக் கொளுத்துவார் இல்லை.