மடோனி மலைச்சாலையில் இரு கார்கள்: ஃபெராரி 250 ஜிடிஓ, போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஆர்

இத்தாலியின் பலெர்மோ நகரப் பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்த வின்சென்சோ ஃப்ளோரியோ 1906இல் தொடங்கிய கார்ப் பந்தயம் ‘தார்கா ஃப்ளோரியோ’. இதற்கெனத் தனிப் பந்தயத் தடம் இருந்ததில்லை. நகருக்குக் கிழக்கே மடோனி மலைகளில் ஊர்மக்கள் அன்றாடம் புழங்கும் சாலைதான் களமாக இருந்தது. செர்தா அருகே புறப்பட்டு, கல்தவுத்தூரோ, கொலெசானோ வழியாக இறங்கி, கடலோரம் சேர்ந்து திரும்பும் ஒரு சுற்று 72 கி.மீ. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்றால், இங்கே ஒரு சுற்றில் பெரிதும் சிறிதுமாகச் சுமார் 800 வளைவுகள். நெடும்பயணத்துக்கும் பந்தயத்துக்கும் ஒருசேர உருவான கிராண்ட் டூரிங் (ஜிடி) கார்களின் தரத்தை இதைவிடக் கறாராகச் சோதித்த சாலை அரிது.

அந்தச் சோதனைக்கு 1962இல் வந்தது ஃபெராரி 250 ஜிடிஓ. முன்புறத்தில் 2,953 சிசி வி12 என்ஜின், அதன் தலையில் ஆறு வெபர் கார்புரேட்டர்கள், சுமார் 300 குதிரைத்திறன். மூக்கின் மேல் ஆங்கில ‘D’ எழுத்து வடிவில் மூன்று காற்றுத் துளைகள். தேவையில்லாதபோது தகடு வைத்து மூடிவிடலாம். அந்த ஆண்டு ஸ்கர்லாத்தி – ஃபெராரோ இணை இதில் நான்காவதாக வந்து ஜிடி பிரிவை வென்றது. 1962 பந்தயத்துக்கு முன் பந்தய ஓட்டுநர் ஃபில் ஹில் இதே சாலையில் ஓட்டிப் பார்த்த ஒரு ஜிடிஓ, 1963, 1964 இரு ஆண்டுகளும் இங்கே தன் பிரிவில் வென்றது. 2018இல் அமெரிக்காவின் மான்டரே ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது அந்தக் கார்தான்.

ஆனாலும் ஒட்டுமொத்த வெற்றி ஜிடிஓவுக்கு இங்கே வாய்க்கவில்லை.

1973 மே மாதம் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஆரில் அது கைகூடியது. ஓட்டியவர்கள் கைஸ் வான் லெனெப், ஹெர்பர்ட் முல்லர். 11 சுற்றுகள், 792 கி.மீ., சராசரி வேகம் மணிக்குச் சுமார் 115 கி.மீ. ஃபெராரி, ஆல்ஃபா ரோமியோ நிறுவனங்களின் பந்தயத்துக்கென்றே கட்டிய அதிவேகப் புரோட்டோடைப் கார்கள் விபத்திலும் பழுதிலும் விலகியது இவர்களுக்குச் சாதகமானது உண்மை. மாற்றியமைத்த உறுப்புகளால் இந்த ஆர்எஸ்ஆரும் அன்று புரோட்டோடைப் பிரிவில்தான் ஓடியது. ஆயினும் அடிப்படையில் அது கடையில் விற்ற 911தான்.

என்ஜின் திறனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வேறுபாடு சக்கரங்களின் பக்கம் இருந்தது. ஜிடிஓவின் பின்சக்கரங்களை ஒரே முழு ஆக்சில் பிணைத்தது, கீழே லீஃப் ஸ்பிரிங். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் அசையும். ஆர்எஸ்ஆரில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். என்ஜின் பின்ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால் அதன் எடை அகன்ற டயர்களைத் தரையில் அழுத்தும். வளைவு முடிந்ததும் கார் வழுக்காமல் பாயும். பிரேக்கோ போர்ஷே 917 பந்தயக் காரிலிருந்து எடுத்தது. அழகில் ஜிடிஓவுக்கு ஈடில்லை. மேடுபள்ளமான இந்த மலைச்சாலைக்கு ஆர்எஸ்ஆரே பொருத்தமான வண்டி.

ஜிடிஓ மொத்தம் 36 மட்டுமே உருவானது. ஆர்எஸ்ஆருக்கு அடிப்படையான கரேரா ஆர்எஸ் 2.7, பந்தய விதி கேட்ட 500ஐத் தாண்டி 1,580 கார்கள் விற்றது. உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பில் தார்கா ஃப்ளோரியோ இடம்பெற்ற கடைசி ஆண்டும் 1973தான்.