பிலேமோன் வீட்டுக்கு வந்த கடிதம்

பிலேமோன் நிருபம் ஒரே அதிகாரம், 25 வசனங்கள். கொலோசெ பட்டணத்தில் வசதியாக வாழ்ந்த விசுவாசி பிலேமோன். அவர் வீட்டு அடிமை ஒநேசிமு, காவலில் இருந்த பவுலிடம் வந்து சேர்ந்து விசுவாசியானார். அவரைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதிய கடிதம் இது.

வசனங்கள் 1–3: பிலேமோனோடு அப்பியாள், அர்க்கிப்பு, அந்த வீட்டில் கூடும் சபை என்று எல்லோரையும் விளிக்கிறார் பவுல். விவகாரம் எஜமானுக்கும் அடிமைக்கும் நடுவில்தான். ஆனாலும் கடிதம் சபை நடுவே வாசிக்கப்படும். கதவைச் சாத்திக்கொண்டு பிலேமோன் இதைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

4–7: பிலேமோனின் அன்பையும் விசுவாசத்தையும் புகழ்கிறார். பரிசுத்தவான்களின் உள்ளம் அவரால் இளைப்பாறியதாம். அதே இளைப்பாறுதலை 20-ஆம் வசனத்தில் தனக்கும் கேட்கப்போகிறார்.

8–14: கட்டளையிட எனக்கு உரிமையுண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்கிறார். தன் முதுமையையும் விலங்கையும் சேர்த்தே நினைவூட்டுகிறார். நன்மை கட்டாயத்தால் வரக்கூடாது, மனதார வரவேண்டும் என்பது அவர் வாதம். சபையார் முன்னிலையில் இப்படிக் கேட்பது அன்பா, நெருக்குதலா? இரண்டும் கலந்ததுதான் என்றே எனக்குப் படுகிறது.

திருப்பி அனுப்பியது சாதாரணக் காரியமல்ல. ரோமச் சட்டத்தில் அடிமை என்பவர் உடைமை. ஓடிப் பிடிபட்டவருக்கு நெற்றியில் சூடும் கழுத்தில் இரும்பு வளையமும் காத்திருந்தன. இந்த ஒரு செய்கையைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க அடிமை உடைமையாளர்கள் நிருபத்தைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்தார்கள். 1830-களில் ஜார்ஜியாவில் சார்லஸ் ஜோன்ஸ் என்ற போதகர் இதை வைத்து, ஓடிப்போவது தவறு என்று அடிமைகளுக்குப் பிரசங்கித்தார். கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். இப்படியொரு நிருபம் வேதத்திலேயே கிடையாது என்று சிலர் அடித்துச் சொன்னதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் போதகரைவிட எழுந்து போனவர்களே பவுலுக்கு நெருக்கமானவர்கள்.

15–16: ஏனென்றால் அடுத்து வருவது இது: ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, அன்பான சகோதரனாக ஏற்றுக்கொள்ள வேண்டும். கர்த்தருக்குள் மட்டுமல்ல, சரீரத்திலும். ஜெபக்கூட்டத்தில் சகோதரன், சமையற்கட்டில் அடிமை என்று பிரித்துக்கொள்ள இடம் வைக்கவில்லை. விடுதலை செய் என்று நேராகச் சொல்லவில்லையே என்ற குறை உண்டு. ஒநேசிமுவின் விருப்பம் என்ன என்பது கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

17–19: நிருபத்தின் உயிர் இங்கேதான். என்னை ஏற்றுக்கொள்வதுபோல் அவரையும் ஏற்றுக்கொள், அவர் அநியாயம் செய்திருந்தாலோ கடன்பட்டிருந்தாலோ அது என் பொறுப்பு என்கிறார். ஒநேசிமு எஜமான் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடியவர் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். பவுல் எழுதியதில் ‘இருந்தால்’ என்ற நிபந்தனைதான் உண்டு, திருட்டு இல்லை. குற்றப்பட்டியலை நாம்தான் நிரப்பிவிட்டோம்.

பிறகு, திருப்பித் தருவேன் என்று தன் கைப்பட எழுதுகிறார். அதுவரைக்கும் உருக்கமான விண்ணப்பம், இந்த வரியிலிருந்து கடன் பத்திரம். பிறனுக்குப் பிணைபடாதே என்று நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிப்பதை யூதரான பவுல் அறியாதவரல்ல. கூடாரம் தைத்துப் பிழைத்தவர், இப்போது கைதியும்கூட. அவரிடம் எவ்வளவு இருந்திருக்கும்? ஆனாலும் மன்னித்துவிடு என்று நஷ்டத்தைப் பிலேமோன் தலையில் கட்டவில்லை. பிறர் செலவில் தாராளம் காட்டுவது எளிது. பவுல் செலவைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். கூடவே, நீயே எனக்குக் கடனாளிதான், அதை நான் சொல்லவில்லை என்று சொல்லியும் விடுகிறார். கிழவர் லேசுப்பட்டவரல்ல!

20–22: நான் கேட்டதற்கும் மேலாகவே செய்வாய் என்று நம்புகிறேன், எனக்கு ஓர் அறையையும் ஆயத்தம் செய்துவை என்கிறார். நேரில் வந்து பார்ப்பேன் என்பதுதான் பொருள்.

23–25: வாழ்த்துச் சொல்பவர்களில் மாற்குவும் ஒருவர். முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலிருந்து பாதியில் திரும்பிப் போனவர். அப்படிப்பட்டவரை மறுபடி அழைத்துப்போக முடியாது என்று அன்று பிடிவாதமாக மறுத்து, அதற்காக உடன் ஊழியரான பர்னபாவையே பிரிந்தவர் பவுல். இங்கே அதே மாற்குவை உடன்வேலையாள் என்று எழுதுகிறார்.