முன்பணமும் கோர்வை நாடாவும்: காஞ்சிபுரம் தறிகளில் குழந்தைகள் பட்ட துன்பம் கண்ணுக்குத் தெரிந்த வரலாறு

காஞ்சிபுரம் பட்டுப்புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் அதை நெய்ய ஓர் ஆள் போதாது. உடலுக்கு ஊடை இழையைக் கொண்டுபோகும் ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வொரு ஊடை இழையிலும் உடலும் கரையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதுதான் கோர்வை. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்கு மறுபக்கக் கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொரு கை வேண்டும். அந்த வேலைக்கு வலு தேவையில்லை. கவனமும் பொறுமையும் குறைந்த கூலியும்தான் தேவை. அதனால் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். வடிவங்களைத் தானே எழுப்பும் ஜக்கார்டு கருவி வருவதற்கு முன், அடை முறையில் வடிவங்களுக்கான கயிறுகளை இழுத்து விட்டதும் பெரும்பாலும் சிறுவர்களே.

இதைத் தொழில் பழகுதல் என்றே ஊர் சொல்லிவந்தது. சொன்னதில் உண்மையும் உண்டு. அப்பாவின் தறியருகே உட்கார்ந்து தார் சுற்றக் கற்ற பிள்ளைதான் பின்னாளில் தேர்ந்த நெசவாளர் ஆனார். ஆனால் அதே திண்ணையில், அதே வயதுப் பிள்ளை இன்னொருவர் தறியில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக உட்கார்ந்திருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு காட்சியும் ஒன்றே. காஞ்சிபுரத்தில் குழந்தைக் கொடுமையை அடையாளம் காண்பது இவ்வளவு காலம் பிடித்ததற்கு இந்த ஒற்றுமையே முதற்காரணம் என்பது என் முடிபு.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பியது மெதுவாகத்தான். 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குற்றம் செய்த சிறுவர்களும் ஆதரவற்ற சிறுவர்களுமே அதன் கவலை. வேலைசெய்யும் பிள்ளை அதன் பார்வையில் விழவில்லை. விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் அளித்த அறிக்கைதான் அமிர்தசரஸ் கம்பளத் தறிகளிலும் சென்னை மாகாணத்துப் பீடிப் பட்டறைகளிலும் பெற்றோர் வாங்கிய பணத்துக்குப் பிள்ளைகள் ஈடாக நின்றதை வெளிக்கொண்டுவந்தது. அதன் விளைவு 1933ஆம் ஆண்டின் குழந்தை உழைப்பு அடகுச் சட்டம். 15 வயதுக்குட்பட்ட குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. தண்டனையோ, பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, வேலை கொடுத்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். தொகை சிறிதென்றாலும் ஒன்றை மறக்கக் கூடாது: பிள்ளையின் உடம்பில் உள்ள காயத்தை விடுத்து, பெற்றவரின் கடனைக் கொடுமையின் அடையாளமாகக் கண்ட முதல் சட்டம் இது. பின்வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டங்கள் இந்தக் கூர்மையைக் கைவிட்டன.

குழந்தைகளை வேலைக்கு வைப்பது பற்றிய 1938ஆம் ஆண்டுச் சட்டம் துணி நெசவையும் சாயமேற்றுதலையும் பட்டியலிட்டு, பட்டறைகளில் 12 வயதுக்குட்பட்டோரைத் தடுத்தது. ஆனால் குடும்பத்தாரை மட்டும் வைத்து வேலை நடக்கும் இடத்துக்கு விலக்கு அளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அதே பட்டியலையும் அதே விலக்கையும் சுமந்தே வந்தது. காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தறி இருப்பது வீட்டுக் கூடத்தில். தறியில் இருப்பது அக்காள் மகன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆய்வாளர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். வட்டிக்காரரிடமிருந்து எளியவரை மீட்க வழி கண்ட ஊர் இது. பின்னர் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் எழுந்தன. ஆனால் சங்கத்தில் உறுப்பினராகச் சொந்தத் தறி வேண்டும். கூலிக்கு நெய்தவருக்கும், நெசவே தெரியாத சுற்றுக் கிராமத்து விவசாயக் கூலிக்கும், மருத்துவச் செலவோ கல்யாணச் செலவோ வந்தால் கை நீட்டக் கிடைத்தது தறி முதலாளியின் முன்பணமே. ஈடாக வைக்க அவர்களிடம் நிலமோ நகையோ இல்லை, பிள்ளை இருந்தது. வாங்குகிற கூலி அன்றாடச் சாப்பாட்டுக்கே சரியாகப் போகும். முதல் அப்படியே நிற்கும். வேறு தறிக்குப் போக நினைத்தால், புது முதலாளி பழைய கடனை அடைத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வார். ஆள் மாறினாலும் கடன் மாறாது.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. எனினும் காஞ்சிபுரத்துத் தறிகளில் கொடுமை 2003இலும் தொடர்ந்தது. கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலப் பட்டுத் தொழிலை ஆராய்ந்த மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அந்த ஆண்டு அறிக்கை, நாளுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்த கொத்தடிமைக் குழந்தைகளின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது.

அடையாளம் காணத் தெரிந்தவர்களுக்குக் குறிகள் முன்பே இருந்தன. இழை அறுத்த விரல் இடுக்குப் புண், மங்கிய வெளிச்சத்தில் சரிகையையே பார்த்துக் கலங்கிய கண், குனிந்தே இருந்து வளைந்த முதுகு. ஆனால் இவை காலம் தாழ்ந்து வெளிப்படுபவை. முந்தி வரும் குறி பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கும். முகூர்த்த மாதங்களுக்கும் தீபாவளிக்கும் முன்னால் புடவைத் தேவை ஏறும்போது ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து விழும் வராமைக் குறி. அதற்கும் முந்தியது, அந்த வீட்டில் நேர்ந்த நோய், சாவு, குடி, புதுக்கடன். குறிகளின் இந்த வரிசையைத் தலைகீழாகப் பார்த்தே நாம் பல ஆண்டுகளை இழந்தோம்.

நிலைமை மாறியதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், இந்திய-அமெரிக்கக் கூட்டான இண்டஸ் திட்டமும் இம்மாவட்டத்தில் இயங்கின. 1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டம் பிள்ளையின் ஒருவேளைச் சோற்றைத் தறியிலிருந்து பிரித்துப் பள்ளியில் வைத்தது. சோதனைகளைவிட அந்தச் சோறு அதிகம் சாதித்தது என்றே நான் கருதுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் இளைஞர்களை இழுத்தன. இன்று கோர்வைத் தறியில் மறுபக்க நாடாவைத் தள்ளுவது பல வீடுகளில் நெசவாளரின் மனைவி.

ஆனால் முன்பணம் ஒழியவில்லை, இடம் மாறியது. 2019 ஜூலையில் காஞ்சிபுரத்திலும் அதையடுத்த வேலூர்ப் பகுதியிலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களைக் கட்டிவைத்ததும் சிறு கடன்தான். 2016ஆம் ஆண்டின் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லா வேலையிலும் தடுத்துவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 1938இன் கதவை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும். நீங்கும்வரை, அதைச் சொல்லித் தப்பும் வீட்டில் கடன் கணக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியர்களே, நான்கு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஐந்தாம் நாள் போங்கள். அக்கம்பக்கத்தாரே, சந்தேகம் வந்தால் உறுதியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்; குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.