எத்தனையிலிருந்து 60?

1995 மார்ச்சில், அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் நடந்த இதய மருத்துவக் கூட்டத்தில் புரூஸ் சாட்டி என்ற ஆய்வாளர் ஒரு முடிவைச் சொன்னார். ரத்த அழுத்தத்துக்குக் கால்சியம் சேனல் பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, டையூரெடிக் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு ஆபத்து சுமார் 60 சதவீதம் அதிகம். செய்திகளில் ஓடியது அந்த 60தான். லட்சக்கணக்கானோர் தினமும் விழுங்கிய மாத்திரை அது. பயந்துபோன நோயாளிகள் டாக்டர்களுக்கு போன் போட்டார்கள். சிலர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள்.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். 'எரர் 60 சதவீதம் கூடிவிட்டது' என்று யாராவது ஓடிவந்தால் நாங்கள் முதலில் கேட்பது, 'எத்தனையிலிருந்து?' ஆயிரம் பேரில் 10 பேருக்கு மாரடைப்பு வரும் என்று வைத்துக்கொண்டால், 60 சதவீதம் கூடினால் அது 16. அந்த 6 பேர் அற்பம் இல்லை. ஆனால் '60 சதவீதம்' என்று கேட்டவுடன் மனசில் எழும் படம் இது இல்லையே.

ஆய்வு செய்த விதமும் முக்கியம். மாரடைப்பு வந்த 623 பேரையும் வராத 2,032 பேரையும் எடுத்து, யார் என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தார்கள். ஏற்கெனவே நிலைமை மோசமாக இருந்தவர்களுக்கு டாக்டர்கள் புது மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால், குற்றம் மாத்திரையுடையதா, நோயுடையதா? ஆய்வாளர்கள் இதற்குக் கணக்கில் திருத்தம் செய்தார்கள்தான். ஆனாலும் இப்படிப்பட்ட ஆய்வில் அந்தச் சந்தேகம் முழுசாகத் தீராது.

அதற்காக, எல்லாம் வெறும் பீதி என்றும் தள்ளிவிட முடியாது. அன்று புழக்கத்தில் இருந்தவற்றில் பல, சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் அடங்கும் ரகம். அந்த வகை நிஃபெடிபின் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், இதயம் படபடவென்று அடிக்கும். அதே 1995இல் அமெரிக்க அரசின் இதய ஆய்வு நிறுவனமே அதைப் பற்றி எச்சரித்தது. பயம் மட்டும் மொத்தக் குடும்பத்தின் மேலும் விழுந்தது.

2002 டிசம்பரில் ஆல்ஹாட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 33,357 பேருக்குக் குலுக்கல் முறையில் மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்துச் சில வருடங்கள் கவனித்திருந்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த, நாளுக்கு ஒன்று போதுமான அம்லோடிபினுக்கும் டையூரெடிக்குக்கும் மாரடைப்பில் வித்தியாசம் இல்லை. இதயச் செயலிழப்பு மட்டும் அம்லோடிபின் எடுத்தவர்களிடம் அதிகம்.

இந்தத் தெளிவு வர ஏழே முக்கால் வருடங்கள் ஆயின. நிறுத்திய மாத்திரை அவ்வளவு நாள் காத்திருக்காது. பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாதம் வந்த பிறகுதான் சிலருக்கு அது தெரியவே வரும். உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலும் அம்லோடிபின் இருக்கலாம். அடுத்த முறை அதைப் பற்றி ஒரு சதவீதம் ஃபார்வேர்டாக வந்தால், மாத்திரையை நிறுத்தும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனையிலிருந்து எத்தனை?