நடுவரா, ஓவியரா?

புதுசா ஒரு டெஸ்க்டாப் வாங்கணும். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸோ சிவிலைசேஷனோ ஆடணும். அவ்வளவுதான். எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்?

கடையில் கேட்டால் உடனே ஒரு பதில் வரும். 'கேமிங்கா சார்? அப்ப கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாப் போட்டுடுங்க.' ஒரு கார்டைக் காட்டுவார்கள். விலையைக் கேட்டால் மீதிக் கம்ப்யூட்டரையே அந்தக் காசுக்கு வாங்கிவிடலாம் போலிருக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் பெர்லினுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவோம். இன்றைய பெர்லின் இல்லை. நெப்போலியன் காலத்து பெர்லின்.

1812. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியமுக்கு ரைஸ்விட்ஸ் என்ற பிரபு ஒரு மேஜையைப் பரிசளித்தார். சாதாரண மேஜை இல்லை. மேலே மலை, ஆறு, சாலை, கிராமம் எல்லாம் தனித்தனி ஓடுகளாக இருக்கும். மாற்றி மாற்றி அடுக்கிப் புதுப்புதுப் போர்க்களம் உருவாக்கலாம். இழுப்பறைகளுக்குள் படைகள் இருக்கும். ராஜ குடும்பம் அதில் ஆசை தீர ஆடியது.

அழகான பொம்மை. ஆனால் ராணுவத்துக்கு அதனால் பெரிய பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

பிரபுவின் மகன் பீரங்கிப் படையில் லெஃப்டினன்ட். அப்பாவின் மேஜையை அவர் தூக்கி ஓரமாக வைத்தார். அதற்குப் பதில் 1:8000 அளவில் நிஜமான ராணுவ மேப். அதன்மேல் சிவப்பு, நீல வில்லைகள். ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் குதிரைப்படை எவ்வளவு தூரம் போகும், இந்தத் தூரத்தில் சுட்டால் எத்தனை பேர் சாவார்கள் எல்லாவற்றுக்கும் அட்டவணை. அதிர்ஷ்டத்துக்குத் தாயக்கட்டை. இதையெல்லாம் கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர்.

1824-ல் தலைமைப் படை அதிகாரியான ஜெனரல் முஃப்ளிங் முன்னால் இதை ஆடிக் காட்டினார். ஜெனரலுக்கு ஆரம்பத்தில் சுவாரசியமே இல்லை. பெரிய மனிதரின் நேரத்தை வீணடிக்கிறாயே என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாராம். வில்லைகள் நகர நகர, மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இது விளையாட்டே இல்லை, போர்ப் பயிற்சி என்றார். ராணுவம் முழுக்கப் பரவட்டும் என்று சிபாரிசு செய்தார்.

க்ரீக்ஸ்ஷ்பீல். ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு. இன்றைக்கு நாம் ஸ்ட்ராடஜி கேம் என்று சொல்லும் அத்தனைக்கும் கொள்ளுத் தாத்தா இதுதான்.

அப்பா செய்தது அழகு. மகன் செய்தது கணக்கு. ஜெயித்தது கணக்கு. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குத் திரும்பும்போது உதவும்.

ஆனால் கணக்கில்தான் சிக்கலும் வந்தது. போர்க்களத்தில் இரண்டு நிமிஷம் நடப்பதைக் கணக்குப் போட நடுவருக்கு எத்தனையோ நிமிஷம் ஆனது. அட்டவணையைப் புரட்டணும், கட்டையை உருட்டணும், கழிக்கணும். ஆடுகிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். அட்டவணையும் வேண்டாம், தாயக்கட்டையும் வேண்டாம். அனுபவமுள்ள அதிகாரியை நடுவராகப் போட்டு, அவர் மனசுக்குச் சரி என்று பட்டதைச் சொல்லட்டும். ஆட்டத்துக்கு வேகம் கிடைத்தது. துல்லியம் போனது.

வேகமும் வேண்டும், துல்லியமும் வேண்டும் என்றால்? மனித நடுவரால் ஆகாது.

நூறு வருஷம் கழித்து அந்த நடுவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுதான் கம்ப்யூட்டர்.

1991. சிட் மெயரின் சிவிலைசேஷன் வந்தது. கற்காலத்தில் ஆரம்பித்து விண்வெளிக்குப் போகிற வரை ஒரு நாகரிகத்தை வளர்க்கும் ஆட்டம். அது கேட்ட மெமரி வெறும் 640 கிலோபைட். இன்றைக்கு ஒரு செல்போன் போட்டோகூட அதைவிடப் பெரிசு. படங்களும் சின்னச் சின்னக் கட்டங்கள்தான். ஆனால் ஜனங்கள் 'இன்னும் ஒரே ஒரு டர்ன்' என்று விடியவிடிய உட்கார்ந்திருந்தார்கள். 1992-ல் டூன் 2 வந்தது. மாற்றி மாற்றி ஆடும் வழக்கத்தை விட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடும் பாணியை அது பிரபலமாக்கியது. 1997-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். 1998-ல் ஸ்டார்கிராஃப்ட். தென்கொரியாவில் தெருவுக்குத் தெரு இருந்த 'பிசி பாங்' கடைகளில் ஒரு தலைமுறையே அதில் மூழ்கிப் போனது.

அதே காலத்தில்தான் கிராஃபிக்ஸ் கார்டும் பிறந்து வளர்ந்தது. 1996-ல் வூடூ. 1999-ல் ஜீஃபோர்ஸ் 256. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குவேக் போன்ற ஆட்டங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கோ ஸ்டார்கிராஃப்டுக்கோ அந்த முப்பரிமாணக் கார்டு தேவையே படவில்லை. 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 16 மெகாபைட் மெமரியும் இருந்தால் ஓடும்.

கிராஃபிக்ஸ் கார்டு ஓவியர். பிராசஸர் நடுவர். நடந்ததைத் தத்ரூபமாக வரைந்து காட்டுவது ஓவியர் வேலை. நடப்பதைத் தீர்மானிப்பது நடுவர் வேலை. துப்பாக்கி ஆட்டத்தில் ஓவியருக்கு ஓய்வே கிடையாது. ஸ்ட்ராடஜி ஆட்டத்தில் நடுவருக்குத்தான் முதுகு ஒடியும்.

எப்படி ஒடியும் என்று பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை எட்டுப் பேர் சேர்ந்து ஆடணும், அதுவும் 28.8 மோடத்தில். நூற்றுக்கணக்கான வில்லாளிகள் எங்கே நிற்கிறார்கள் என்ற விவரம் முழுவதையும் அந்தப் போன் லைனில் அனுப்பவே முடியாது. செய்தவர்கள் ஒரு தந்திரம் பண்ணினார்கள். எட்டு கம்ப்யூட்டரும் முழுப் போரையும் தனித்தனியாக நடத்தும். 'இந்தப் பத்துப் பேரை அங்கே அனுப்பு' என்ற கட்டளை மட்டும்தான் லைனில் போகும். அதாவது, எட்டு நடுவர்கள் எட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அட்சரம் பிசகாமல் ஒரே தீர்ப்பை எழுத வேண்டும்.

இதில் ஒருத்தர் மட்டும் மந்தம் என்றால்? மற்ற ஏழு பேரும் காத்திருக்கத்தான் வேண்டும்! உங்கள் பழைய கம்ப்யூட்டர் உங்கள் ராத்திரியை மட்டும் கெடுக்காது. நண்பர்கள் ராத்திரியையும் சேர்த்துக் கெடுக்கும். 2019-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 புதுப்பொலிவோடு வந்தபோது, தரவரிசை ஆட்டத்தில் சேருவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். காரணம் இதுதான்.

2007-ல் வந்த சுப்ரீம் கமாண்டர் இன்னொரு பாடம் சொன்னது. படைகள் பெருகப் பெருக, ஆட்டத்தின் கடிகாரமே மெதுவாகிவிடும். ஒரு நிமிஷப் போர் நடக்க நிஜத்தில் சில நிமிஷம் ஆகும். ரைஸ்விட்ஸின் நடுவருக்கு வந்த அதே வியாதி!

சரி, நடுவர்கள் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆகாதா? 2005-லிருந்து பிராசஸர் கம்பெனிகள் அதைத்தான் செய்தன. வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் சூடு தாங்கவில்லை. எனவே ஒரே சில்லில் இரண்டு கோர், நாலு, எட்டு என்று போட ஆரம்பித்தார்கள். வீடியோ வேலைக்கெல்லாம் அது பிரமாதம். ஆனால் போர்க்கணக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போவது. முதல் வில்லாளி செத்தானா இல்லையா என்று தெரிந்தால்தான் அடுத்தவன் யாரைக் குறிவைப்பான் என்று தெரியும். பதினாறு நடுவர் வந்தாலும் பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள். ஆகவே எத்தனை கோர் என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் நமக்கு முக்கியம்.

இப்போது கடைக்குத் திரும்பலாம்.

பிராசஸருக்குச் செலவழியுங்கள். சமீபத்திய தலைமுறை, ஆறு கோர் போதும். கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 'கேஷ்' என்கிற உள்நினைவு அதிகமுள்ளதாகப் பாருங்கள். அது நடுவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அட்டவணை. எழுந்துபோய் அலமாரியில் தேட வேண்டாம். 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி 96 மெகாபைட் கேஷோடு வந்தது. ஸ்ட்ராடஜி ஆடுகிறவர்கள் அதைக் கொண்டாடியதற்குக் காரணம் இந்த அலமாரி விவகாரம்தான்.

மெமரி 16 ஜிபி. ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஓவியரும் இந்த மெமரியில்தான் பங்கு கேட்பார். இரண்டு வழியாகப் போய் வந்தால் நெரிசல் குறையும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி. இதில் யோசிக்கவே வேண்டாம்.

ஓவியர்? நீங்கள் ஆடப்போவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, பழைய சிவிலைசேஷன் வகையறா என்றால், பிராசஸரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் போதும். (வாங்கும் பிராசஸரில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலதில் இருக்காது.) ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கிற டோட்டல் வார் ரகமா? அதற்கு ஓவியரும் வேண்டும். நடுத்தரமான கார்டு ஒன்று போடுங்கள். உயர்ந்த ரகம் அநாவசியம். சந்தேகமாக இருந்தால் இப்போதைக்குக் கார்டு போடாதீர்கள். ஸ்லாட்டும், தாங்குகிற பவர் சப்ளையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த வருஷம்கூட மாட்டிக்கொள்ளலாம். மிச்சமாகும் காசில் கண்ணுக்கு இதமாக ஒரு பெரிய மானிட்டர்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. வாங்குகிற மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

இளைய ரைஸ்விட்ஸ் கதையை முடிக்கவில்லையே. அவர் கண்டுபிடிப்பு பிரஷ்ய ராணுவமெங்கும் பரவியது. 1870-71-ல் பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்ததும், மற்ற நாடுகளும் என்னடா அது விளையாட்டு என்று தேட ஆரம்பித்தன. பார்க்க அவர் இல்லை. 1827-லேயே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

மன்னர் வீட்டு மேஜையை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்ட அந்த மனிதரால்தான் இன்றைக்கு நம் வீட்டு மேஜையில் சாம்ராஜ்யங்கள் எழுந்து விழுகின்றன. 2022-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வந்த இந்தியப் பதிப்பில் திராவிடர் என்றே ஒரு நாகரிகம் உண்டு. சுருள் வாள் வீரர்கள் உண்டு. ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் உண்டு.

ராத்திரி பத்து மணி. கையில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். ராஜேந்திரனின் கப்பல்கள் கிளம்பும்போது கடல் அலை கொஞ்சம் சுமாராகத் தெரிந்தால் பரவாயில்லை. கப்பல் நகரணும். அதுக்கு நடுவர் தூங்காமல் இருக்கணும்.