மணி என்ன? எதைப் பார்த்து வச்சீங்க?

மலர்க் குழு நண்பர்கள் "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதுய்யா" என்று கேட்டபோது தயங்கினேன். கம்ப்யூட்டர் அறையிலேயே தலை நரைத்தவனுக்கு வரலாறு என்ன தெரியும்? பிறகு யோசித்துப் பார்த்ததில், நான் வேலை பார்த்த சர்வர்களுக்கும் நுங்கம்பாக்கத்தில் நிற்கும் ஒரு கருங்கல் தூணுக்கும் நேரடி உறவு இருப்பது புரிந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நம் கல்லூரி மணி நினைவிருக்கிறதா? வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டு. ஆசிரியர் அறைக் கடிகாரம் ஒரு மணி காட்டும், நூலகக் கடிகாரம் வேறொரு மணி காட்டும். ஆனால் மணியடிக்கும் பெரியவரின் கைக்கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். குள்ளஞ்சாவடியில் பஸ் பிடித்து வந்து, பாதி நாள் அந்த மணியிடம் தோற்றவன் நான். ஒருநாள் கோபத்தில், "உங்க வாட்ச்தான் சரின்னு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதறவில்லை. "காலையில ஏழேகால் ரேடியோ நியூஸுக்கு வச்சது தம்பி. நீ எதைப் பாத்து வச்ச?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஊருக்கு ஒரு நேரம்

ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் நேரம்தான். சூரியன் உச்சிக்கு வந்தால் பகல் 12. கிழக்கே இருக்கும் ஊருக்கு உச்சி முதலில் வரும். ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 4 நிமிஷ வித்தியாசம். கல்கத்தாவில் பகல் 12 மணி என்றால், சென்னையில் 11.28, பம்பாயில் 10.58.

சென்னைக்கு மணி சொன்னது நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், 1792-ல் எழுந்தது. நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைப் பார்க்கும் கருவி ஆடாமல் நிற்க ஒரு கருங்கல் தூண் நிறுத்தினார்கள். தமிழிலும் கல்வெட்டு உள்ள அந்தத் தூணை இன்றும் வானிலை மைய வளாகத்தில் பார்க்கலாம். அங்கே இருந்த ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1802-ல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, கிரீன்விச்சைவிடச் சென்னை 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால் இருப்பதாகச் சொன்னார். அதுவே 'சென்னை நேரம்'.

இதே கோல்டிங்ஹாம் இன்னொரு வேலையும் செய்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கச் செய்து, வெளிச்சம் தெரிந்ததற்கும் சத்தம் வந்து சேர்ந்ததற்கும் இடையிலுள்ள விநாடிகளை எண்ணினார். ஒலியின் வேகம் பற்றிய அந்தக் கட்டுரை 1823-ல் வெளியாயிற்று. பரங்கிமலைக் குண்டுச் சத்தம் நுங்கம்பாக்கம் வந்து சேர ஏறக்குறைய 26 விநாடி ஆகும். ஆக, குண்டுச் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரம் வைப்பவன், வழியில் ஆன தாமதத்தைக் கூட்டாவிட்டால் அவன் கடிகாரம் பின்தங்கிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வருக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

ரயில் வந்த பிறகுதான் சிக்கல் முற்றியது. வண்டி பம்பாய் நேரத்தில் கிளம்பி கல்கத்தா நேரத்தில் போய்ச் சேர்ந்தால் டைம்டேபிள் எப்படிப் போடுவது? இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்ததால் சென்னை நேரத்தையே ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. நுங்கம்பாக்கத்து மணி தந்தி வழியாக வெளியூர்களுக்குப் போயிற்று. நாடு முழுக்க ஒரே மணி சொன்ன முதல் 'நெட்வொர்க்' என்று அதைச் சொல்லலாம்.

1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது. 82.5 டிகிரி தீர்க்கரேகை, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். சென்னை ஏறக்குறைய 9 நிமிஷம் தள்ளிவைத்துக்கொண்டு ஒத்துப்போயிற்று. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய் 1955 வரை விடவில்லை. மேலிருந்து உத்தரவு போட்டால் மட்டும் கடிகாரங்கள் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தூணிலிருந்து சர்வருக்கு

இன்று நம் நாட்டு நேரத்தைக் காப்பது புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். நட்சத்திரத்துக்குப் பதில் சீசியம் அணுக் கடிகாரம்.

அங்கிருக்கும் மணி ஆபீஸ் சர்வருக்கு வருவது என்.டி.பி. என்ற முறையில். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் 1985-ல் இதை வெளியிட்டார். 2024-ல் காலமானார். முறை ரொம்ப எளிமை. நம் சர்வர் தன் கடிகாரப்படி 10 மணி 0 விநாடிக்கு 'மணி என்ன?' என்று கேள்வி அனுப்புகிறது. அந்தப் பக்கம் தன் கடிகாரப்படி 7-வது விநாடியில் வாங்கி, 8-வது விநாடியில் பதில் அனுப்புகிறது. பதில் நமக்கு நம் கடிகாரப்படி 5-வது விநாடியில் கிடைக்கிறது. போய்வர 5 விநாடி. அதில் அவர்கள் எடுத்துக்கொண்டது 1. ஆக வழியில் 4, ஒரு பக்கத்துக்கு 2. அப்படியானால் நம் கடிகாரம் 5 விநாடி பின்னால் இருக்கிறது. நிஜத்தில் இதெல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில் நடக்கும். கோல்டிங்ஹாமின் பீரங்கிக் கணக்கு மாதிரியேதான். வழித் தாமதத்தை அளந்து சேர்த்துக்கொள்வது.

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் மின்சாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. நம் கரண்டின் அலைவரிசை விநாடிக்கு 50. அதை நம்பி ஓடும் கடிகாரத்துக்கு 49 கொடுத்தால் ஒரே நாளில் ஏறக்குறைய 29 நிமிஷம் பின்தங்கிவிடும். 1990-களில் தென்னகத்தில் அலைவரிசை 49-க்கும் கீழே போன நாட்கள் பல. 2003 முதல் இங்கே மின்நிலையங்களுக்கு இடையிலான கணக்கு 15 நிமிஷத் துண்டுகளில் நடக்கிறது. மீட்டரின் கடிகாரம் தப்பினால் ஒரு துண்டில் ஓடிய கரண்ட் அடுத்த துண்டின் கணக்கில் ஏறிவிடும். அதே 2003 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் பெரிய மின்தடை வந்தபோது, பல நிலையங்களின் பதிவுக் கருவிகள் ஆளுக்கொரு மணி காட்டியதால், எது முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே விசாரணைக் குழு படாதபாடு பட்டது.

பின்வாசல் கடிகாரம்

இனி என் கதை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரண்டு வாசல், இரண்டிலும் விரல் வைக்கும் வருகைப் பதிவு மெஷின். பின்வாசல் மெஷின் தனியாக ஒரு பழைய சர்வரில் இணைந்திருந்தது. 9.05 தாண்டினால் லேட்; மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளி அக்கா ஒருவர் ஒருநாள் என்னிடம் வந்தார். "தம்பி, நான் ஒம்போதுக்கு முன்னாடியே உள்ள வந்துர்றேன். மிஷின் ஒம்பது ஏழுன்னு காட்டுது. பஸ் கண்டக்டர்கிட்டகூட மணி கேட்டேன்." நான் சிரித்துக்கொண்டே, "கண்டக்டர் வாட்சைவிட கம்ப்யூட்டர் தப்பாப் போகுமாக்கா?" என்றேன். போய்ப் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து அந்தப் பழைய சர்வரைத் தலைமை சர்வரோடு இணைக்கப் போனேன். பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விட மறுத்தது. இரண்டு கடிகாரத்துக்கும் 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழக்கமான அமைப்பில் அனுமதி கிடைக்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பின்வாசல் சர்வர் 9 நிமிஷம் வேகம்.

காரணத்தைத் தேடினேன். பேட்டரி நன்றாக இருந்தது. நேர மண்டலமும் சரி. கடைசியாக எப்போது வெளியிலிருந்து மணி வாங்கியது என்று பார்த்தால், பத்து மாதம் முன்பு. அன்றுதான் புது ஃபயர்வால் போட்டோம். மணி கேட்கும் 123-ம் நம்பர் வழியை அந்த சர்வருக்குத் திறந்துவிட மறந்திருக்கிறது. போட்டவன் நான்தான். கேள்வி வெளியே போகவே இல்லை. சர்வர் தன் படிகத்தை மட்டும் நம்பி ஓடியிருக்கிறது. நாளைக்கு ஒன்றே முக்கால் விநாடி வேகம். ஒரு நாளில் யாருக்கும் தெரியாது. பத்து மாதத்தில் 9 நிமிஷம்.

திருத்துவதிலும் அவசரம் கூடாது. கடிகாரத்தைச் சட்டென்று பின்னால் தள்ளினால் அதே 9 நிமிஷம் இரண்டு தடவை நடந்ததாகப் பதிவாகும். மென்பொருள் மெதுவாக இழுத்துச் சரிசெய்யும் வேகத்தில் விட்டால் பன்னிரண்டரை நாள் ஆகும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவை நிறுத்திவைத்துத் திருத்தினோம்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு ஒன்றே முக்கால் விநாடி என்று பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போனால், எந்த லேட் நிஜம், எது பொய் என்று தேதிவாரியாகத் தெரிந்தது. அந்த அக்காவின் லேட்டுகள் கடைசி நான்கு மாதத்தில் வந்தவை, அத்தனையும் பொய். நடந்ததை அப்படியே, என் தவறையும் சேர்த்து எழுதி மேலே கொடுத்தேன். பிடித்த பணம் திரும்பி வந்தது.

சொல்லப் போனபோது அவர் கோபப்படவில்லை. "பணம் வந்துருச்சு தம்பி. நான் சொன்னப்பவே நீ ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல?" என்றார். கல்லூரி வராந்தாவில் நின்றபோது மாதிரியே அன்றும் பதில் இல்லை.

2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்களின் கணினிகள் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் கல்கத்தாவையும் பம்பாயையும் நினைத்துப் பாருங்கள். உத்தரவு வேறு, ஒவ்வொரு கடிகாரத்தையும் போய்ப் பார்ப்பது வேறு. நான் மாதம் ஒருமுறை எல்லா சர்வரையும் வரிசையாகப் பார்த்து, கடைசியாக எப்போது மணி வாங்கியது என்று நோட்டில் குறிக்கும் பழக்கத்தை அந்த வாரம் ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றபோது அந்த நோட்டைத்தான் முதலில் ஒப்படைத்தேன்.

மணியடித்த பெரியவர் இன்று இல்லை. சந்திப்பு நாளில் வராந்தாவில் அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் தொங்கினால், ஒரு தட்டுத் தட்டிவிட்டு வர ஆசை. பத்து மணிக்குக் கூட்டம் என்று போட்டிருக்கிறார்கள். குள்ளஞ்சாவடி பஸ் இந்தத் தடவை என்னைக் கைவிடாது என்று நம்புகிறேன். லேட்டானால், யாரும் மெஷினைக் காட்டாதீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.