ரோஜா முத்தையா: போர்டு எழுதியவர் சேர்த்து வைத்த தமிழ்நாடு

பழைய பேப்பர்காரர் வாசலில் வந்து நின்றால் எதையெல்லாம் எடுத்துப் போடுவோம்? போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், அட்டை கிழிந்த சினிமாப் பாட்டுப் புத்தகம், தாத்தா காலத்துக் கடிதக் கட்டு... கிலோவுக்கு இவ்வளவு என்று எடை போட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். நமக்கும் வீடு சுத்தமான திருப்தி.

இந்த மாதிரி காகிதங்களைத்தான் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் பேராசிரியர் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்த கைத்தொழில்காரர். பெயர் ரோஜா முத்தையா. ஊர், காரைக்குடி பக்கத்தில் கோட்டையூர்.

கோட்டையூர் என்றதும் நிறைய பேருக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் ஞாபகம் வரும். 1909ல் அங்கே பிறந்தவர். காரைக்குடியில் கல்லூரி கட்டினார், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலம் கொடுத்தார். அது பணம் இருந்தவர் செய்த தர்மம். அதே ஊர்க்காரரான முத்தையாவிடம் அந்த அளவுக்குப் பணம் கிடையாது. ஆனால் எதைப் பார்த்தாலும் 'இது என்ன, எங்கே அச்சடித்தது, இன்னொரு பிரதி கிடைக்குமா' என்று கேட்கிற குணம் நிறையவே இருந்திருக்கிறது.

சென்னையில் தொழில் செய்த காலத்தில் அவருக்குப் பழக்கமான இடம் மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900ல் திறந்த கட்டிடம். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர் போனது. அங்கே வாங்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. 1985 மே மாதம் அந்த மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. அங்கிருந்து முன்னமே யார் யார் எதை வாங்கிக்கொண்டு போனார்களோ அதுதான் மிச்சம் என்று ஆகிவிட்டது.

அவர் சேர்த்ததில் பெரிய பெரிய இலக்கண, இலக்கியப் பதிப்புகள் உண்டு. சித்த வைத்திய நூல்கள் உண்டு. ஆனால் விசேஷம் அதில் இல்லை. பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பத்திரிகையில் வெட்டியெடுத்த துண்டு, கடிதம் என்று யாரும் மதிக்காத சமாச்சாரங்களையும் கம்பனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். குஜிலி கடைகளில் காலணா அரையணாவுக்கு விற்ற சிந்துப் புத்தகங்களை எந்தப் பண்டிதர் அலமாரியில் வைப்பார்? கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, வெள்ளச் சிந்து என்று ஊரே கூடிப் பாடிக் கேட்டவை. படித்தவர்கள் அதை இலக்கியமாகவே எண்ணவில்லை. இன்றைக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய சாதாரண ஜனங்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004) இந்த வகைப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றியதுதான்.

ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டுக்கு ஏன் இந்த ஆர்வம்? எனக்குத் தோன்றுவது இது. எழுத்தின் வடிவத்தை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு எந்த அச்சும் குப்பை இல்லை. நோட்டீஸின் தலைப்பெழுத்து, பார்டர், படம் எல்லாமே அவனுக்குப் பாடம். தமிழ் எழுத்தே அவர் காலத்தில் மாறியதே! 1978ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து வந்த பழைய ணை, லை, னை எல்லாம் அதன் பிறகு அச்சிலிருந்து மெல்ல மறைந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைக் காட்ட வேண்டுமானால் பழைய தாளைத்தான் எடுக்க வேண்டும்.

முத்தையா சேர்த்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோட்டையூருக்கே அவரைத் தேடிப் போனார்கள். ஊருக்கே திரும்பிவிட்ட பிறகு அவருடைய வீடுதான் நூலகம், அவர்தான் நூலகர். பட்டம் கிட்டம் எதுவும் இல்லாமல் பட்டதாரிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

1992ல் அவர் காலமானார். இந்த இடத்தில்தான் வழக்கமாகக் கதை முடிந்துபோகும். சேர்த்தவர் போனதும் கரையான், அதன் பிறகு எடைக்கடை. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! இங்கே அப்படி ஆகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஏ.கே.ராமானுஜன் போன்றவர்களுக்கு அந்தச் சேகரிப்பின் அருமை தெரிந்திருந்தது. பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை என்பதுதான் முக்கியம். மூலம் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், மைக்ரோஃபிலிம் பிரதி சிகாகோவுக்கு வரட்டும் என்று ஏற்பாடு. 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஆரம்பத்தில் ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள், அதில் பாதி புத்தகங்கள். முதலில் முகப்பேரில் இருந்தது, பிறகு தரமணிக்குப் போனது. இன்றைக்கு 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐராவதம் மகாதேவனின் வழிகாட்டுதலில் 2007ல் சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கேதான் தொடங்கியது.

சரி, அந்தமானில், பத்துபஸ்தியில் உட்கார்ந்துகொண்டு கோட்டையூர்க் கதை எதற்கு என்று கேட்பீர்கள். (ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் 'ஒன்பதாவது பஸ்தி எங்கே இருக்கு?' என்று கேட்பது தனிக் கதை. பஸ்தி என்றால் இந்தியில் குடியிருப்பு. முன்னால் இருக்கும் 'பத்து' நம்ம பத்து இல்லை! :-))

காரணம் இருக்கிறது. இந்தத் தீவின் சரித்திரத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் வந்து இறங்கினார். அன்று ஆரம்பித்து வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைத்தான். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் வந்தான், 1945ல் போனான். போர்ட் பிளேயரில் இருந்த ஆவணங்களில் பெரும்பகுதி அந்த நாட்களில் அழிந்தது. ஆனாலும் அரசாங்கத்தின் சரித்திரம் முழுசாகப் போய்விடவில்லை. ஏனென்றால் அறிக்கைகளின் பிரதி கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயிருந்தது. இன்றைக்கும் டெல்லி ஆவணக் காப்பகத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஜனங்களின் சரித்திரத்துக்கு அப்படி ஒரு பிரதி எங்கே இருக்கிறது?

நம்மூரில் 'தீவாந்தர தண்டனை' என்று சொன்ன இடத்துக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு தமிழர்கள் பிழைப்புக்காகத் தாங்களாகவே கப்பலேறி வந்தார்கள். ரோடு போட, மரம் அறுக்க, கட்டிடம் கட்ட, கடை வைக்க வந்தவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறின. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் ஜனத்தொகையில் தமிழர் சுமார் 15 சதவீதம். சதவீதம் அரசாங்கத்திடம் இருக்கிறது. எந்தக் கப்பலில் வந்தார்கள், முதல் சம்பளம் எவ்வளவு, முதல் பொங்கலை எங்கே வைத்தார்கள் என்பதெல்லாம் தகரப் பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். கச்சாலில் அந்தப் பெட்டிகளில் எத்தனையை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனதோ.

இங்கே தச்சர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் என்று வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சங்கத்துக்குச் சந்தா வசூலித்தவர்கள், கோயில் கமிட்டிக் கணக்கு எழுதியவர்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிற ஆட்கள். வீட்டில் 'இந்தக் குப்பையை எப்போ தூக்கிப் போடப் போறீங்க?' என்று திட்டு வாங்குகிறவர்களும் இவர்களேதான்.

அவர்களைத் திட்டாதீர்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். கப்பல் டிக்கெட், வேலை ஆர்டர், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எது கிடைத்தாலும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். போட்டோவாக இருந்தால் பின்னால் பென்சிலில் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று குறித்து வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊர் இது. தாளைத் தரையோடும் சுவரோடும் ஒட்டி வைக்காதீர்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். மழை விட்ட மாதங்களில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள், நேர் வெயில் வேண்டாம்.

ஊர் பேரே 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. 'போர்ட் பிளேயர்' என்று தமிழில் எழுதின கடை போர்டு இன்னும் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள். பெயிண்ட் அடிக்க ஆள் வருவதற்குள்.